ஆறடித் தொட்டி வாங்கினால் சிக்லிட்களின் சண்டை நிற்குமா?

உப்புவெளியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமான தொட்டி. அதற்குள் எட்டு அங்குல ஒஸ்கார் இரண்டு, ஏழு அங்குல ரெட் டெவில் ஒன்று, ஜாக் டெம்ப்சி ஒன்று, கிரீன் டெரர் ஒன்று. எல்லாமே சிக்லிட் என்ற குடும்பத்து மீன்கள். குட்டியாக வாங்கி விட்டபோது எல்லாம் ஒற்றுமையாகத்தான் இருந்தனவாம். இப்போது இரண்டு மாதமாக ரெட் டெவில் மற்ற எல்லாவற்றையும் துரத்துகிறது. ஜாக் டெம்ப்சி வால் கிழிந்து, மேல் மூலையில் அசையாமல் நிற்கிறது. ஆறடித் தொட்டி வாங்கினால் இது நிற்குமா, அல்லது கடையில் சொன்னதுபோல் இன்னும் நாலைந்து மீன் விட்டால் சண்டை பிரிந்து போகுமா என்பது கேள்வி.

தம்பி, நீங்கள் தொட்டியின் அளவைக் கேட்டிருந்தாலும், மனதில் இருப்பது வேறு கேள்வி என்று நினைக்கிறேன். இந்த ஐந்து மீனையும் சேர்த்தே வைத்துக்கொள்ள ஏதாவது வழி இருக்கிறதா, அல்லது ஒன்றைப் பிரியத்தான் வேண்டுமா என்பதுதான் அது. பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரெட் டெவிலை இன்றைக்கே பிரித்து வையுங்கள். ஆறடித் தொட்டி வாங்குவது நல்ல முடிவு, ஆனால் அது மற்ற மீன்களுக்கு. ரெட் டெவிலுக்கு இப்போதுள்ள நாலடித் தொட்டியைத் தனியாகக் கொடுங்கள். மீன் எண்ணிக்கையைக் கூட்டும் யோசனையை விட்டுவிடுங்கள். ஏன் என்பதை இனி விளக்கமாகச் சொல்கிறேன். நான் விலங்கியல் படித்தவன். திருகோணமலையிலேயே பல வருஷமாகப் பெரிய சிக்லிட்களை வளர்த்து, குஞ்சு எடுத்து வருகிறேன். கீழே சொல்பவற்றில் சில ஆராய்ச்சியில் உறுதியானவை, சில வளர்ப்பவர்களின் கைப்பழக்கம் மட்டுமே. எது எந்த வகை என்பதை அங்கங்கே சொல்லிக்கொண்டு போகிறேன்.

முதலில், இந்த மீன்கள் ஏன் சண்டை பிடிக்கின்றன என்பது விளங்க வேண்டும். கந்தளாய்க் குளத்தில் தண்ணீர் இறங்கும் காலத்தில் கரையோரம் போய்ப் பாருங்கள். ஆழமில்லாத சேற்றில் வட்ட வட்டமாகக் குழிகள் தெரியும். ஆண் திலாப்பியாக்கள் வாயால் தோண்டியவை அவை. 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட இந்தத் திலாப்பியாவும் உங்கள் ஒஸ்காரும் ரெட் டெவிலும் எல்லாம் அதே சிக்லிட் குடும்பம். குழிக்குச் சொந்தக்காரன் பக்கத்தில் வரும் இன்னொரு ஆணை விரட்டுவான். வந்தவன் இரண்டு மூன்று அடி விலகிப் போனால் சங்கதி முடிந்தது. யாரும் யாரையும் குளம் முழுக்கத் துரத்திக்கொண்டு திரிவதில்லை, ஏனென்றால் அவ்வளவு நேரம் குழியை விட்டுவிட்டுப் போனால் குழி இன்னொருவனுக்குப் போய்விடும்.

சிக்லிட்களின் சண்டைக்கு ஒரு வரிசை இருக்கிறது. இது நன்றாக ஆராயப்பட்ட விஷயம். முதலில் நிறத்தைக் கூட்டி, துடுப்புகளை விரித்து, பக்கவாட்டில் உடம்பைக் காட்டும். பிறகு செவுளை விரித்து நேருக்கு நேர் நிற்கும். அதற்கும் அசையாவிட்டால் வாலால் தண்ணீரை எதிராளி மேல் அடிக்கும். கடைசியில்தான் வாயோடு வாய் கவ்வி இழுக்கும். ஒவ்வொரு படியிலும் இரண்டும் ஒன்றையொன்று எடைபோட்டுக்கொள்கின்றன. தன்னால் முடியாது என்று தெரிந்ததும் ஒன்று துடுப்பை மடக்கி, நிறத்தை மங்கவிட்டு விலகும். அதாவது தோற்பதற்கு ஒரு வழி இருக்கிறது, அந்த வழி விலகிப் போவது. தொட்டியில் கெட்டுப்போவது இந்த இடம்தான். தோற்ற மீன் விலகுகிறது, நாலடிக்குள் எங்கே விலகினாலும் வென்ற மீனின் கண்ணில் படுகிறது. கண்ணில் பட்டுக்கொண்டே இருப்பதை "இன்னும் போகவில்லை, இன்னும் சவால் விடுகிறது" என்றுதான் ரெட் டெவில் எடுத்துக்கொள்ளும். ஆகவே திரும்பத் திரும்ப அடிக்கும். அந்த மீன் வழக்கத்துக்கு மாறாகக் கெட்ட குணம் கொண்டது என்று நினைக்காதீர்கள். அதன் உடம்பு நிக்கரகுவாவின் பெரிய ஏரிகளுக்காக அமைந்தது.

அப்படியானால் தொட்டியைப் பெரிதாக்கினால் சரியாகிவிடும்தானே என்று கேட்பீர்கள். ஓரளவுக்குத்தான். ரெட் டெவிலின் மிக நெருங்கிய இனம் மைடஸ் சிக்லிட். கடைகளில் ரெட் டெவில் என்று விற்கப்படுபவற்றில் கனக்க மைடஸ் அல்லது இரண்டும் கலந்த கலப்புத்தான். இந்த மைடஸ் சிக்லிட் குஞ்சுகளை வைத்து அமெரிக்காவின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொனால்ட் ஓல்ட்ஃபீல்ட் என்ற ஆய்வாளர் 2011இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். வீடுகளில் வைக்கும் அளவுக்குள் தொட்டியைக் கொஞ்சம் பெரிதாக்கியும், சேர்த்து வைக்கும் எண்ணிக்கையை மாற்றியும் பார்த்தார், சண்டை குறையவில்லை. மிகப் பெரிய, மறைவிடங்கள் நிறைந்த இடத்தில் வைத்தபோதுதான் குறைந்தது. வளர்ப்பவர்களின் அனுபவமும் இதேதான் சொல்கிறது. நாலடியிலிருந்து ஆறடிக்குப் போவது மீனின் ஆரோக்கியத்துக்குப் பெரிய மாற்றம். வளர்ந்த ரெட் டெவில் ஒன்றின் சண்டைக் குணத்துக்கு அது சின்ன மாற்றம். அடுத்த சுவர் இன்னும் கண்ணுக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கிறது.

குட்டியாக இருந்தபோது ஏன் ஒற்றுமையாக இருந்தன என்பதற்கும் பதில் இதற்குள்ளேயே இருக்கிறது. இரண்டு அங்குல மீனுக்கு நாலடித் தொட்டி ஒரு குளம். மேலும் அந்த வயதில் இடம் பிடிக்கும் தேவை இல்லை. ஐந்தாறு அங்குலம் தாண்டி இனப்பெருக்க வயது வரும்போதுதான் "இது என் இடம்" என்ற குணம் தலைதூக்கும். கடைகளில் குட்டிகள் நூறு ஒரே தொட்டியில் நீந்துவதைப் பார்த்து நாம் ஏமாந்துபோவதற்கும் இதுதான் காரணம். விற்பவர் பொய் சொல்லவில்லை. அவர் கையில் இருக்கும்வரை அவை சண்டை பிடிப்பதில்லை.

இனி அளவுகள். தொட்டிக்குள் போகும் தண்ணீரைக் கணக்குப் பார்ப்பது எளிது: அடியில் நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி, அதை 28.3ஆல் பெருக்கினால் லீற்றர் வரும். உங்கள் தொட்டி 9 கன அடி, அதாவது சுமார் 255 லீற்றர். ஆறடிக்கு இரண்டடிக்கு இரண்டடி என்றால் 24 கன அடி, 680 லீற்றர். நான் கைப்பழக்கத்தில் வைத்திருக்கும் அளவுகள் இவை: தனியாக ஓர் ஒஸ்காருக்கு உங்களுடைய 255 லீற்றர் தொட்டி ஆகக் குறைந்தது. இரண்டு ஒஸ்காருக்கு ஆறடித் தொட்டி. தனி ரெட் டெவிலுக்கு நாலடித் தொட்டி போதும், அகலம் இரண்டடியாக இருந்தால் இன்னும் நல்லது. ரெட் டெவிலை மற்றவற்றோடு சேர்த்துத்தான் வைப்பேன் என்றால் எட்டடிக்கு மூன்றடியிலிருந்துதான் யோசிக்கத் தொடங்குவேன், அப்போதும் உத்தரவாதம் கிடையாது. இவை எந்த ஆராய்ச்சியும் வரையறுத்த எண்கள் இல்லை. "ஒரு மீனுக்கு இத்தனை லீற்றர்" என்று இணையத்தில் அடித்துச் சொல்கிறவர்கள் எல்லோரும் தங்கள் தொட்டியில் கண்டதைத்தான் சொல்கிறார்கள், நானும் அப்படியே. ஒஸ்கார் ஒரு அடி அளவுக்கு வளரும், பத்து வருஷத்துக்கு மேல் வாழும் என்பது மட்டும் உறுதி. அந்த உடம்பை வைத்து மீதியை நீங்களே யோசிக்கலாம்: ஒரு அடி மீன் ஒன்றரை அடி அகலத்தில், அதுவும் கல்லும் பைப்பும் போட்ட பிறகு, எப்படித் திரும்பும்?

ஆகவே லீற்றர் கணக்கைவிடத் தொட்டியின் அடிப்பரப்பைப் பாருங்கள். சண்டை நடப்பது தரையை வைத்து. மூன்றடி உயரமான தொட்டி பார்க்க அழகாக இருக்கும், லீற்றரும் கூடும், ஆனால் ஓடுவதற்கு இடம் கூடாது. ஒரே காசில் உயரமா அகலமா என்று வந்தால் கண்ணை மூடிக்கொண்டு அகலத்தை எடுங்கள். இன்னொரு விஷயம்: 680 லீற்றர் என்றால் தண்ணீர் மட்டுமே 680 கிலோ. கண்ணாடி, கல், இரும்புத் தாங்கி எல்லாம் சேர்ந்தால் முக்கால் தொன்னுக்கு மேல் போகும். மேல்மாடியில் வைக்க நினைத்தால் கட்டடம் தெரிந்த ஒருவரிடம் கேட்காமல் வைக்காதீர்கள். இரண்டடி உயரத்துக்கு 12 மில்லிமீற்றர் கண்ணாடி போட்டு, மேலே குறுக்குப் பட்டை ஒட்டச் சொல்லுங்கள். மூடியும் வேண்டும். துரத்தப்படும் மீன் மேலே பாயும். தரையில் விழுந்து காய்ந்துபோன ஒஸ்கார்களைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

தொட்டிக்குள் என்ன வைக்கிறீர்கள் என்பது அளவுக்குச் சமமாக முக்கியம், சில சமயம் அதற்கும் மேல். நோக்கம் ஒன்றே ஒன்று: ஒரு முனையில் நிற்கும் மீனுக்கு மறுமுனையில் நிற்கும் மீன் தெரியக்கூடாது. தொட்டியை நீளவாக்கில் மூன்று பங்காகப் பார்த்து, இரண்டு இடங்களில் கல்லாலோ மரக்குற்றியாலோ தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழ்வரை மறைப்பு எழுப்புங்கள். எங்கள் ஊரில் உருண்டைக் கல்லுக்குக் குறைவில்லை. கல்லை மணலுக்கு மேல் வைக்கக்கூடாது. இவை எல்லாம் தோண்டும் மீன்கள், அடியில் மணலை அள்ளிவிட்டால் கல் சரிந்து கண்ணாடியில் விழும். கல்லை நேரே அடிக்கண்ணாடியில் ஒரு றப்பர் விரிப்பின் மேல் வைத்து, பிறகு மணலைப் போடுங்கள். கடற்கரையிலிருந்து பவளப்பாறைத் துண்டு எடுத்து வந்து போடாதீர்கள். அது தண்ணீரைக் கடினமாக்கும், பவளத்தைப் பெயர்த்து எடுப்பது சட்டப்படியும் தவறு. ஒளிந்துகொள்ள ஆறு அங்குல எஸ்லோன் (பிவிசி) பைப் துண்டுகள் நன்றாக வேலை செய்யும். அழகில்லை என்று தோன்றினால் மேலே கல் அடுக்கி மறைக்கலாம். ஆனால் எந்த ஒளிவிடத்துக்கும் இரண்டு வாசல் இருக்க வேண்டும். ஒரு பக்கம் அடைத்த குடத்துக்குள் ஓடிப்போகும் மீனை ரெட் டெவில் வாசலில் நின்று வெளியே வரவே விடாது. ஒளிவதற்கென்று நாம் வைத்தது பொறியாகிவிடும்.

இப்போது கடையில் சொன்ன யோசனைக்கு வருகிறேன். மீனைக் கூட்டினால் சண்டை பிரிந்து குறையும் என்பது முழுப்பொய் இல்லை. ஆபிரிக்காவின் மலாவி ஏரிப் பாறைகளில் வாழும் சிறிய சிக்லிட்களை வளர்ப்பவர்கள் இதைப் பரவலாகச் செய்கிறார்கள், அங்கே ஓரளவு பலனும் உண்டு. அவை நாலைந்து அங்குல மீன்கள். பெண் முட்டையை வாயில் வைத்துப் பொரிக்கும், ஆணும் பெண்ணும் சோடியாக நிரந்தர இடம் காப்பதில்லை. உங்களிடம் இருக்கும் அமெரிக்க சிக்லிட்கள் சோடி சேர்ந்து, கல்லில் முட்டையிட்டு, வாரக்கணக்கில் இடத்தையும் குஞ்சையும் காப்பவை. நெருக்கடியைக் கூட்டினால் அவற்றின் கோபம் பிரியாது, அடிவாங்கும் மீன்களின் எண்ணிக்கைதான் கூடும். அதோடு அழுக்கும் கூடும். எங்கள் ஊர் வெப்பத்தில் இது சிறிய விஷயம் இல்லை. மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியாவில் எவ்வளவு பங்கு நச்சு வடிவத்தில் இருக்கும் என்பது வெப்பத்தையும் பிஎச் அளவையும் (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) பொறுத்தது. 30 பாகை வெப்பத்தில், பிஎச் 7 என்றால் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பிஎச் 8 என்றால் ஏழு எட்டுப் பங்கு. கடலோரக் கிணற்றுத் தண்ணீர் பாவிக்கிறவர்கள் பிஎச் பார்க்கும் சொட்டு மருந்து ஒன்றைக் கட்டாயம் வாங்கி வையுங்கள்.

சண்டையைத் திசைதிருப்ப மீன் விடத்தான் வேண்டும் என்றால், இடம் பிடிக்காத, கூட்டமாக நீந்துகிற, வேகமான மீன்கள் இருக்கின்றன. சில்வர் டொலர் ஆறேழு விடலாம். அவை மேல்மட்டத்தில் பதறாமல் நீந்துவதைப் பார்த்தால் பயந்த ஒஸ்கார் வெளியே வரும். ஆனால் அதெல்லாம் ஆறடித் தொட்டி வந்த பிறகு. இப்போது வேண்டாம்.

தண்ணீர் மாற்றுவது பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், இதைப் பலர் கவனிப்பதில்லை. தண்ணீர் மாற்றிய அன்று மாலை உங்கள் தொட்டியில் சண்டை கூடுகிறதா என்று பாருங்கள். மொசாம்பிக் திலாப்பியாவில் நடந்த ஆய்வுகளில், ஆதிக்கம் செலுத்தும் ஆண் தன் நிலையைச் சிறுநீர் வழியாகவும் மற்றவற்றுக்கு அறிவிக்கிறது என்று கண்டிருக்கிறார்கள். 2018இல் வெளிவந்த, ஏஞ்சல் மீன்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், பாதித் தண்ணீரை ஒரேயடியாக மாற்றியபோது கால்வாசி மாற்றியதைவிடச் சண்டை கூடியது. ஏஞ்சலும் சிக்லிட்தான். யார் பெரியவர் என்ற செய்தி தண்ணீரோடு கழுவிப் போய்விடுவதால் திரும்ப முதலிலிருந்து தொடங்குகின்றன என்பது விளக்கம். இது ஒஸ்காருக்கும் ரெட் டெவிலுக்கும் அப்படியே பொருந்தும் என்பது என் ஊகம்தான். ஆனாலும் அதன்படி நடப்பதில் நட்டம் ஒன்றும் இல்லை. வாரத்துக்கு ஒரு தடவை பாதி மாற்றுவதற்குப் பதிலாக இரண்டு தடவை கால்வாசி மாற்றுங்கள். சண்டைக்குப் பயந்து தண்ணீர் மாற்றாமல் மட்டும் விடாதீர்கள். பைப் தண்ணீர் என்றால் குளோரின் நீக்கும் மருந்து போட்டு, அல்லது ஒரு நாள் முழுக்க எயார் பம்ப் போட்டு வைத்து ஊற்றுங்கள்.

வெப்பமும் இதில் சேரும். வைகாசி தொடங்கி ஆவணி வரை கச்சான் காற்று அடிக்கும்போது வீட்டுக்குள் இருக்கும் தொட்டித் தண்ணீர் 30, 31 பாகைக்குப் போய்விடும். வெப்பம் கூடினால் மீனின் உடம்பு வேகமாக ஓடும், பசியும் முரட்டுத்தனமும் கூடும். அதே நேரம் தண்ணீரில் கரையும் ஒட்சிசன் குறையும்: 25 பாகையில் ஒரு லீற்றரில் சுமார் 8.3 மில்லிகிராம் கரைந்திருக்கக்கூடியது, 30 பாகையில் 7.5 ஆகிவிடும். துரத்தப்பட்டு மூச்சுவாங்கும் மீனுக்கு அந்த வித்தியாசமும் பாரம்தான். தொட்டியை மேற்குச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். மூடியை வலையாகப் போட்டு, தண்ணீர்ப் பரப்பில் படும்படி ஒரு சின்ன மின்விசிறி வைத்தாலே ஒன்றிரண்டு பாகை இறங்கும். வெப்பத்தை இறக்கினால் சண்டை நின்றுவிடும் என்று சிலர் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கொஞ்சம் தணியும், அவ்வளவுதான். கரண்ட் போனால் ஓடுகிற பற்றறி எயார் பம்ப் ஒன்று வைத்திருங்கள். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்த காலத்தை இந்த ஊரில் மீன் வளர்த்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

இன்றைக்கு என்ன செய்வது? கிழிந்த வாலோடு மேல் மூலையில் நிற்கும் ஜாக் டெம்ப்சியை முதலில் வெளியே எடுங்கள். இன்னொரு தொட்டி இல்லை என்று கவலைப்பட வேண்டாம். மீன் வியாபாரிகள் ஐஸ் போட்டு மீன் கொண்டுவரும் றிஜிபோம் பெட்டி மாதிரிப் பாவிக்காத புதுப் பெட்டி ஒன்று போதும். வெயிலில் சூடேறாது, மங்கலாக இருப்பதால் மீனும் அமைதியாகும். தொட்டித் தண்ணீரையே அதில் ஊற்றி, எயார் பம்ப் போட்டு, உங்கள் பில்டரில் இருக்கும் பழைய பஞ்சில் ஒரு துண்டை வெட்டிப் போடுங்கள். லீற்றருக்கு 2 கிராம் கல்லுப்பு, இரண்டு நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து ஊற்றுங்கள். தினமும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றி, மாற்றிய அளவுக்கு மட்டும் உப்புச் சேர்க்க வேண்டும். கிழிந்த துடுப்பு சுத்தமான தண்ணீரில் தானாக வளரும். காயத்தில் பஞ்சுபோல் வெள்ளையாக ஏதாவது படர்ந்தால் அது பூஞ்சணமாக இருக்கலாம், அப்போது மருந்து வேண்டும். மூடியை மறக்க வேண்டாம்.

ரெட் டெவிலை இப்போதைக்கு அதே தொட்டியில் ஒரு பக்கமாகத் தடுத்து வைக்கலாம். துளையிட்ட பேர்ஸ்பெக்ஸ் தகடு, அடியிலிருந்து மேல் விளிம்பு வரை, இரண்டு பக்கமும் கல் வைத்து அசையாமல் நிறுத்துங்கள். ஏழு அங்குல மீன் முட்டித் தள்ளும் பலத்தைக் குறைவாக எடைபோடாதீர்கள். முதல் சில நாளுக்குக் கறுப்புத் தகடு நல்லது. கண்ணாடிபோல் மறுபக்கம் தெரிந்தால் நாள் முழுக்கத் தகட்டோடு சண்டை பிடித்து வாயைப் புண்ணாக்கிக்கொள்ளும். இது சில வாரங்களுக்கான ஏற்பாடு, நிரந்தர வீடு இல்லை.

ரெட் டெவிலைப் பிரித்ததும் எல்லாம் அமைதியாகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். தங்கனிக்கா ஏரியைச் சேர்ந்த ஒரு சிறிய சிக்லிட்டை வைத்து நடந்த ஆய்வுகளில், ஆதிக்க ஆணை வெளியே எடுத்த சில நிமிடங்களுக்குள்ளேயே அடுத்த நிலையில் இருந்த ஆண் நிறம் மாறித் தலைமை எடுத்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறார்கள். உங்கள் தொட்டியில் அந்த இடத்துக்குக் கிரீன் டெரர் வரலாம், பெரிய ஒஸ்கார் வரலாம். செவுளை விரிப்பது, பக்கவாட்டில் காட்டுவது, இரண்டடி துரத்திவிட்டு விடுவது, இவை எல்லாம் ஒழுங்கு பிடிப்பதற்கான இயல்பான நடப்பு, கைவைக்க வேண்டாம். ஒரு மீன் சாப்பாட்டுக்கே வராமல் இரண்டு நாள் நின்றால், செதில் உதிர்ந்தால், கண்ணில் அடி பட்டால், அப்போது தலையிடுங்கள். சாப்பாட்டைத் தொட்டியின் இரண்டு முனையிலும் ஒரே நேரத்தில் போட்டால் பின்தங்கிய மீனுக்கும் கிடைக்கும்.

ஆறடித் தொட்டி வந்ததும், பழைய பில்டரை அதிலும் ஓடவிட்டு நன்மை செய்யும் பக்டீரியாவைக் கொண்டுபோங்கள். புதிதாகத் தொடங்கினால் அது பிடிக்க நாலு ஆறு வாரம் எடுக்கும். ஒஸ்கார் இரண்டையும் கிரீன் டெரரையும் ஒரே நாளில், ஒரே நேரத்தில், மாலையில் விளக்கை அணைத்துவிட்டு விடுங்கள். முதலில் போன மீனுக்கு "என் வீடு" என்ற பலம் வந்துவிடும். இடத்துக்குச் சொந்தக்காரன் வெல்வது சிக்லிட்களில் திரும்பத் திரும்பக் கண்ட விஷயம். ஜாக் டெம்ப்சியைக் காயம் ஆறி, நன்றாகச் சாப்பிடத் தொடங்கிய பிறகுதான் சேர்க்க வேண்டும். தோற்ற மீன் கொஞ்சக் காலத்துக்குத் திரும்பவும் தோற்கும் மனநிலையிலேயே இருக்கும் என்பதும் பல மீன்களில் நிறுவப்பட்டது. அதை விடும் அன்று கல்லையும் பைப்பையும் எல்லாம் இடம் மாற்றி அடுக்குங்கள். பழைய எல்லைகள் கலைந்து, எல்லா மீனும் புது இடத்தைப் பார்ப்பதில் இருக்கும்போது புதிய மீன்மேல் கவனம் குறையும். அதன் பிறகும் மற்றவை துரத்தினால் ஜாக் டெம்ப்சிக்கு வேறு வீடு பாருங்கள். இந்த நான்கும் ஆறடியில் ஒத்துப்போகும் வாய்ப்பு நல்லதாகவே இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு மீனுக்கும் தனிக் குணம். அதே கடையில், அதே குஞ்சுக் கூட்டத்தில் வாங்கிய இரண்டு கிரீன் டெரரில் ஒன்று சாதுவாகவும் ஒன்று முரடாகவும் வளரும். எந்த அளவுத் தொட்டியும் அதை முன்கூட்டிச் சொல்லாது.

ஒரு எச்சரிக்கை மிச்சம் இருக்கிறது. உங்கள் இரண்டு ஒஸ்காரும் ஆண் பெண் சோடியா என்று வெளித்தோற்றத்தில் கண்டுபிடிக்க முடியாது. முட்டையிடும் நேரத்தில்தான் தெரியும். இரண்டும் சேர்ந்து ஒரு தட்டைக் கல்லைச் சுரண்டிச் சுத்தம் செய்யத் தொடங்கினால் ஆயத்தமாகின்றன என்று அர்த்தம். சோடியாகிவிட்டால் ஆறடியில் நாலடியை அவை எடுத்துக்கொள்ளும், மற்றவை மீதி இரண்டடியில் நெருங்கி நிற்கும். குஞ்சு தேவையில்லை என்றால் முட்டையோடு அந்தக் கல்லை வெளியே எடுத்துவிடுங்கள். எடுக்கும்போது கையைக் கடிக்கும், பயப்பட வேண்டாம்.

கடைசியாக, வைத்திருக்க முடியாத மீனைக் கடைக்கோ வேறு வளர்ப்பவருக்கோ கொடுங்கள். கந்தளாய்க் குளத்திலோ பக்கத்துக் குட்டையிலோ விட்டுவிடாதீர்கள். தொட்டி சுத்தம் செய்ய என்று வாங்கிய டேங்க் கிளீனர் மீன் இன்று இலங்கையின் நீர்நிலைகளில் தானாகப் பெருகி நிற்பது அப்படி விட்டதால்தான். ரெட் டெவிலும் ஜாக் டெம்ப்சியும் எங்கள் வெப்பத்தில் நன்றாக வாழக்கூடிய மீன்கள். ஜாக் டெம்ப்சியின் கண்ணில் மங்கல் ஏதும் இருக்கிறதா, கிழிவு வாலின் அடிச்சதை வரை போயிருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள். சதை வரை போயிருந்தால் உப்பு மட்டும் போதாது, அதற்கு வேறாகப் பதில் சொல்கிறேன்.